நொதிகலனில் ஒளியியல் உணரிகள்: எந்த எண்ணிடம் பம்பை ஒப்படைக்கலாம்?

உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். 10 லிட்டர் நொதிகலனில் பிச்சியா பாஸ்டோரிஸ் என்ற ஈஸ்டை முதலில் கிளிசராலில் வளர்த்து, பிறகு மெத்தனால் ஊட்டி ஒரு புரதத்தைச் சுரக்கச் செய்கிறீர்கள். கரைந்த ஆக்சிஜனை அளக்கும் மின்முனையின் சவ்வு அடிக்கடி பழுதாகிறது. ஒளியியல் உணரிகளுக்கு முழுவதுமாக மாறிவிட்டால் ஆக்சிஜன், பிஎச், செல் அடர்த்தி, கிளிசரால், மெத்தனால் ஆகிய ஐந்தையும் மாதிரி எடுக்காமலே திரையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கருவி விற்க வந்தவர் சொல்லியிருக்கிறார். இதை நம்பலாமா, நம்பினால் எதை முதலில் வாங்குவது என்று கேட்கிறீர்கள். என் பார்வையில் கேள்வியின் உள்ளே இருப்பது வேறு: இந்த ஐந்து எண்களில் எதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கலாம், எதனிடம் காற்று வால்வையும் அம்மோனியா பம்பையும் மெத்தனால் பம்பையும் ஒப்படைக்கலாம்? திரையில் மட்டும் தவறாகத் தெரியும் எண்ணால் எரிச்சல்தான் வரும். பம்பை ஓட்டுகிற எண் தவறானால் ஒரு வார வேலை வீணாகிவிடும்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளாக நான் வேலை செய்வது எஃகுக் கலன்களில், ஈஸ்ட், பாக்டீரியா நொதித்தலில். விலங்குச் செல் வளர்ப்பைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேனே தவிர, பொறுப்பேற்று நடத்தியதில்லை. அதைப் பற்றிக் கீழே வரும் ஓரிரு வரிகளை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஒளியியல் உணரி என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. சிலவற்றில், அளக்க வேண்டிய மூலக்கூறே ஒரு சாயத்தை நேரடியாகத் தொட்டு அதன் ஒளிர்வைக் குறைக்கிறது. சிலவற்றில், குழம்பில் மிதக்கும் எதுவாக இருந்தாலும் அது சிதறடிக்கும் ஒளியை வைத்துச் செல்களை ஊகிக்கிறோம். இன்னும் சிலவற்றில் ஒளி தருவது ஒரு நிறமாலை மட்டுமே. அதிலிருந்து எண்ணைப் பிரித்தெடுப்பது கணினியில் இருக்கும் ஒரு புள்ளியியல் மாதிரி. பொருளுக்கும் எண்ணுக்கும் நடுவே படிகள் கூடக் கூட, பிழை நுழையும் வாசல்களும் கூடுகின்றன. ஐந்தையும் இந்த அளவுகோலை வைத்தே பிரித்துச் சொல்கிறேன்.

ஆக்சிஜனைப் பொறுத்தவரை எனக்கு ஐயமே இல்லை, மாற்றிவிடுங்கள். லீலண்ட் கிளார்க் 1950களில் உருவாக்கிய மின்முனைதான் இப்போது உங்களிடம் இருப்பது. சவ்வு வழியே உள்ளே வரும் ஆக்சிஜனைப் பிளாட்டினம் எதிர்முனை உட்கொள்கிறது, அதனால் பாயும் மின்னோட்டமே அளவீடு. ஆக்சிஜனை உட்கொள்வதால், சவ்வின் முன்னால் குழம்பு ஓடிக்கொண்டே இருந்தாக வேண்டும்; சவ்வின் மேல் நுரையடக்கியோ செல் படலமோ படிந்தால் மின்னோட்டம் குறைந்து, ஆக்சிஜன் குறைந்தது போல் காட்டும். மின்சாரம் நின்று இணைப்பு அறுந்தால், மின்முனை மறுபடி நிலைக்கு வரச் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். வழக்கமாக 6 மணி நேரம் என்பார்கள். இரவில் மின்வெட்டு வந்த ஒரு நொதித்தலில் இதன் பொருள் என்ன என்பதை நான் விளக்கத் தேவையில்லை. ஒளியியல் உணரியில் சவ்வும் இல்லை, மின்பகுளியும் இல்லை. பிளாட்டினம் போர்பிரின் அல்லது ருத்தேனியம் சேர்மம் போன்ற ஒரு சாயம் ஒரு பாலிமர் படலத்தில் கரைந்திருக்கிறது. ஒளி பட்டுக் கிளர்ந்த சாயத்தை ஆக்சிஜன் மூலக்கூறு மோதினால், சாயம் ஒளிராமலே ஆற்றலைக் கைமாற்றிவிட்டு அடங்கிவிடுகிறது. ஆக்சிஜன் எவ்வளவோ அவ்வளவு மோதல். மோதல் கூடக் கூட ஒளிர்வு மங்குகிறது, ஒளிரும் காலமும் சுருங்குகிறது. இதன் கணக்கை ஸ்டெர்னும் வோல்மரும் 1919இலேயே எழுதிவிட்டார்கள். இதில் ஆக்சிஜன் செலவாவதில்லை என்பதால் குழம்பின் ஓட்டம் அளவீட்டைப் பாதிப்பதில்லை.

நல்ல கருவிகள் ஒளிர்வின் பிரகாசத்தை அளப்பதில்லை, ஒளிரும் காலத்தை அளக்கின்றன. காரணம் எளிது: விளக்கு மங்கினாலும், ஒளியிழை வளைந்தாலும், சாயத்தில் ஒரு பகுதி வெளுத்துப்போனாலும் பிரகாசம் மாறிவிடும், காலம் அவ்வளவு எளிதில் மாறாது. கிளர்த்தும் ஒளியை ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஏற்றி இறக்கினால், சாயத்தின் ஒளிர்வு சற்றுப் பின்தங்கி ஏறி இறங்கும். அந்தப் பின்தங்கல் கோணமே அளவீடு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆக்சிஜனே இல்லாதபோது 60 மைக்ரோநொடியும், காற்றால் நிறைவுற்ற நீரில் 20 மைக்ரோநொடியும் ஒளிரும் ஒரு சாயத்தை 4 கிலோஹெர்ட்ஸில் அளப்பதாக வைத்துக்கொண்டால், கோணம் பூஜ்ய ஆக்சிஜனில் சுமார் 56 பாகை, 50 விழுக்காட்டில் 37, காற்று நிறைவான 100 விழுக்காட்டில் 27. முதல் பாதிக்கு 19 பாகை, அடுத்த பாதிக்கு 10 பாகைதான். அதாவது இந்த உணரி ஆக்சிஜன் குறைவாக இருக்கும் இடத்தில்தான் கூர்மையாக இருக்கும். பிச்சியாவில் 20, 30 விழுக்காட்டைச் சுற்றியே கட்டுப்படுத்துவதால் இது உங்களுக்கு நல்ல செய்தி. தூய ஆக்சிஜன் கலந்து 200 விழுக்காட்டுக்கு மேல் ஓட்டுபவர்களுக்கு அவ்வளவு நல்ல செய்தி அல்ல.

இதற்காக ஒளியியல் ஆக்சிஜன் உணரியை மாட்டிவிட்டு மறந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஆக்சிஜன் ஒளிர்வை மங்கச் செய்யும் இந்தத் தணிப்பு வெப்பநிலையைப் பொறுத்தது என்பதால் உணரிக்குள்ளேயே ஒரு வெப்பமானி இருக்கும். அது தவறினால் ஆக்சிஜனும் தவறும். உணரியின் முனையில் சாயப் படலத்தைத் தாங்கும் மூடியின் முகத்தில் ஒரு குமிழி ஒட்டிக்கொண்டால் உணரி குழம்பை விட்டுவிட்டுக் குமிழியை அளக்கத் தொடங்கும், எண் காரணமின்றி ஏறித் துள்ளும்; முனை சாய்வாக வெட்டப்பட்ட மூடிகள் இதற்காகவே வந்தவை. நுரையடக்கியைக் கையளவு ஊற்றுவது இங்கேயும் கேடுதான், படலத்தில் படிந்து பதிலை மெதுவாக்கும். நீராவிக் கிருமிநீக்கம் சாயத்தை வயதாக்குகிறது. பல உணரிகள் 85 டிகிரி செல்சியஸுக்கு மேல் அளப்பதையே நிறுத்திக்கொள்கின்றன, அதைக் கோளாறு என்று எண்ணி அவற்றை வற்புறுத்தி இயக்க வேண்டாம். சில நொதித்தலுக்கு ஒருமுறை நைட்ரஜன் செலுத்திப் பூஜ்யத்தைச் சரிபாருங்கள், ஏனெனில் சாயம் தேயும்போது முதலில் நகர்வது பூஜ்யம்தான். 100 விழுக்காட்டைக் கிருமிநீக்கத்துக்குப் பிறகு, செல்களை இடுவதற்கு முன், ஓடப்போகும் வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் நிறுத்துங்கள். எந்த ஆக்சிஜன் உணரியும் அளப்பது பகுதியழுத்தத்தை, செறிவை அல்ல. வளிமண்டல அழுத்தத்தில் 100 என்று நிறுத்திவிட்டுப் பிறகு 0.5 பார் மேலழுத்தம் கொடுத்தால் அது 150ஐ நெருங்கி நிற்கும், உணரி பொய் சொல்லவில்லை. உங்கள் பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி நானோஆம்பியர் மின்னோட்டத்தை மட்டுமே புரிந்துகொள்ளும் என்றால், கிளார்க் மின்முனையைப் போலவே மின்னோட்டம் தரும் ஒளியியல் உணரிகளும் கிடைக்கின்றன. பெட்டியை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் இதைக் கேளுங்கள்.

இங்கே சற்று நின்று பதில் வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிச்சியாவில் பாதி முடிவுகள் அதை நம்பியே இருக்கின்றன. 30 டிகிரியில் காற்றால் நிறைவுற்ற தூய நீரில் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். நீங்கள் 30 விழுக்காட்டில் ஓட்டினால் கையிருப்பு 2.25 மில்லிகிராம். செல்கள் மணிக்கு லிட்டருக்கு 200 மில்லிமோல் உட்கொள்கின்றன என்று கொண்டால், அது நொடிக்கு 1.8 மில்லிகிராம். காற்று நின்றால் கையிருப்பு ஒன்றேகால் நொடியில் தீர்ந்துவிடும். தொழிற்சாலைத் தரத்து ஒளியியல் உணரி புதிய எண்ணுக்கு வந்து சேர அரை நிமிடம் வரை எடுத்துக்கொள்ளும். எனவே அடர்ந்த குழம்பில் காற்றை நிறுத்தி, எண் விழும் சரிவிலிருந்து ஆக்சிஜன் கடத்தும் திறனைக் கணக்கிடும் பழைய முறையை, கிளார்க்காக இருந்தாலும் ஒளியியலாக இருந்தாலும், நம்ப வேண்டாம். நீங்கள் அளப்பது பெரும்பாலும் உணரியின் சோம்பலைத்தான்.

ஆனால் மெத்தனால் ஊட்டத்தை நிறுத்தி ஆக்சிஜன் எகிறுகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு அந்த வேகம் போதும். மெத்தனால் தேங்காமல் ஊட்டத்துக்கு ஏற்பச் செலவாகிக்கொண்டிருந்தால், பம்பை நிறுத்தி ஒரு நிமிடத்துக்குள் எண் ஏற வேண்டும்; ஏறவில்லை என்றால் குழம்பில் மெத்தனால் தேங்கியிருக்கிறது, அது செல்களுக்கு நஞ்சாகப் போகிறது. இதில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒன்று, ஒளியியல் உணரியின் அமைப்புகளில் பல அளவீடுகளைச் சராசரி எடுக்கும் ஒரு வசதி இருக்கும். வளைவு அழகாகத் தெரியட்டும் என்று அதைக் கூட்டி வைத்தால் எகிறல் நீண்டு மழுங்கிப்போகும். மற்றொன்று, ஆக்சிஜன் எண் கலக்கியின் வேகத்தோடு பிணைக்கப்பட்டிருந்தால் எண் ஏறாது, கலக்கியின் வேகம்தான் இறங்கும். சோதனை நடக்கும் ஒன்றிரண்டு நிமிடங்களுக்குக் கலக்கியை ஒரே வேகத்தில் நிறுத்திவையுங்கள். எகிறலே வரவில்லை என்று பதறி ஊட்டத்தைக் குறைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்; பதிவைப் புரட்டினால் கலக்கியின் வேகம் அழகாக இறங்கியிருக்கும்.

பிஎச்சுக்கு உங்கள் கலனில் கண்ணாடி மின்முனையை விட்டு விலகாதீர்கள். ஒளியியல் பிஎச் உணரியிலும் ஒரு சாயம்தான், ஆனால் அது வேலை செய்யும் விதம் ஒரு சன்னலைப் போல் குறுகியது: சாயத்தின் அமிலத்தன்மை எண்ணுக்கு, அதாவது அதன் பாதி மூலக்கூறுகள் புரோட்டானை இழந்து நிற்கும் பிஎச்சுக்கு, இருபுறமும் ஒன்றரை அலகு, அதற்கு வெளியே பார்வை இல்லை. பரவலாகப் பயன்படும் சாயங்கள் 7ஐ ஒட்டி வேலை செய்பவை, ஏனெனில் பெரிய சந்தை விலங்குச் செல் வளர்ப்பு. பிச்சியாவை நீங்கள் 5இல் ஓட்டுகிறீர்கள். 7ஐ மையமாகக் கொண்ட சாயத்தில் அந்த இடத்தில் நூற்றுக்கு ஒரு மூலக்கூறுதான் புரோட்டானை இழந்த நிலையில் இருக்கும். அந்த ஒன்றில் ஏற்படும் சிறு மாற்றத்தைப் படித்து அம்மோனியா பம்பை ஓட்டுவது வீண் துணிச்சல். மேலும் சாயத்தின் மையம் உப்பின் அளவைப் பொறுத்து நகரும், உங்கள் ஊடகமோ பாஸ்பேட்டும் சல்பேட்டும் நிறைந்தது. கண்ணாடி மின்முனைக்கும் குறைகள் உண்டு, தெரிந்த குறைகள்: கிருமிநீக்கத்தில் நகரும், ஒப்பீட்டு முனை அடைபடும், வயதாகும். ஆனால் அது அலகு ஒன்றுக்கு 25 டிகிரியில் 59 மில்லிவோல்ட் என்ற சரிவை அகலமான எல்லை முழுதும் தருகிறது. வெளியே எடுத்த மாதிரியோடு ஒப்பிட்டு ஒரு புள்ளியில் திருத்திக்கொள்ளவும் முடிகிறது. பிச்சியாவில் அம்மோனியா என்பது காரம் மட்டுமன்று, நைட்ரஜன் உணவும் அதுவே. பிஎச் எண் நகர்ந்தால் இரண்டும் ஒன்றாகக் கெடும்.

ஒளியியல் பிஎச்சுக்கும் உரிய இடம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அடியில் சிறு சாயப் பொட்டு ஒட்டிய குலுக்கிக் குடுவைகள், நுண்தட்டுகளின் குழிகள், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பைகள் ஆகியவற்றில் கண்ணாடி மின்முனையைச் செருக வழியே இல்லை, அல்லது செருகினால் தொல்லை. குடுவைகளின் அடியில் ஆக்சிஜன் பொட்டு வைத்துப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான், நன்றாக வளர்கிறது என்று நினைத்த பல குடுவைகள் நெடுநேரம் ஆக்சிஜனின்றித் திணறிக்கொண்டிருந்தது தெரிந்தது. உங்கள் குழுவில் திரிபுகளைத் தெரிவு செய்வது குடுவையில்தான் நடக்கிறது என்றால், நொதிகலனைவிட அங்கேதான் ஒளியியல் பொட்டு அதிகம் கற்றுத்தரும். பைகளில் வரும் பொட்டுகள் காமாக் கதிரால் கிருமிநீக்கம் செய்யப்பட்டவை. தொழிற்சாலையில் தந்த அளவுத்திருத்த எண்கள் பை உங்களிடம் வந்து சேரும்போதும் பொருந்துகின்றனவா என்பதை வெளியே எடுத்த மாதிரியோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும். ஒவ்வொரு முறை ஒளி பாய்ச்சும்போதும் சாயம் கொஞ்சம் வெளுக்கிறது என்பதால், நொடிக்கு ஒருமுறை அளக்காமல் நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் பொட்டின் ஆயுள் நீளும்.

செல் அடர்த்தியில் நிலைமை நடுத்தரமானது. ஆய்வுமேசையில் 600 நானோமீட்டரில் நாம் அளக்கும் கலங்கல் எண் 0.4, 0.5 வரைதான் செல்களோடு நேர்க்கோட்டில் போகும். அதற்கு மேல் ஒரு செல் சிதறடித்த ஒளியை அடுத்த செல் மறுபடி சிதறடித்துக் கணக்கைக் குழப்பும், அதனால்தான் நீர்த்து அளக்கிறோம். பிச்சியாவில் கிளிசரால் கட்டத்தின் முடிவிலேயே ஈர எடை லிட்டருக்கு 90 முதல் 150 கிராம், மெத்தனால் கட்டத்தின் முடிவில் 350 கிராமுக்கு மேல் போகலாம். அந்த நிலையில் கலனில் இருப்பதைத் திரவம் என்பதைவிட மாவு என்பது பொருந்தும், கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு செல்லே. கலனுக்குள் செருகும் அண்மை அகச்சிவப்பு உணரிகள் 850, 880 நானோமீட்டர் போன்ற அலைநீளத்தில், ஒரு மில்லிமீட்டர் அளவு குறுகிய இடைவெளியில் அளப்பதால் மேசைக் கருவியைவிட வெகுதூரம் போகின்றன. என்றாலும் குமிழியும் ஒளியைச் சிதறடிக்கும், நுரையடக்கித் துளியும் சிதறடிக்கும், இறந்த செல்லும் உயிருள்ள செல்லைப் போலவே சிதறடிக்கும். கலக்கி வேகத்தைக் கூட்டிய நொடியில் செல் அடர்த்தி திடீரென ஏறியதாகத் தெரிந்தால், அது குமிழிகளின் எண்ணிக்கை. உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: கிளிசரால் கட்டத்தில் வளர்ச்சியின் போக்கு, வளர்ச்சி நின்ற நேரம், ஒரு நொதித்தலுக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு, இவை மூன்றும் இந்த உணரியில் நன்றாகத் தெரியும். ஐயத்துக்குரியது மெத்தனால் கட்டத்தில் அதன் முழு எண். மெத்தனாலில் செல்லுக்குள் பெராக்சிசோம்கள் என்ற நுண்ணுறுப்புகள் பெருகி உள்கட்டமைப்பே மாறுகிறது. கிளிசராலில் போட்ட அளவுத்திருத்தக் கோடு அங்கேயும் செல்லுபடியாகும் என்று எடுத்துக்கொள்ளக் காரணமில்லை. மையவிலக்கியில் சுழற்றி ஈர எடை பார்க்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஊட்டப் பம்பை இந்த எண்ணோடு பிணைக்கவும் வேண்டாம்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஓர் ஒளியியல் கருவியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் விற்பவர்கள் இதை ஒளியியல் உணரி என்று சொல்வதே இல்லை. கலனிலிருந்து வெளியேறும் வாயுவில் கார்பன் டைஆக்சைடை அளக்கும் அகச்சிவப்பு அளவி அது. கார்பன் டைஆக்சைடு 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளத்து ஒளியை வலுவாக உறிஞ்சுகிறது; அந்த அலைநீளத்துக்கு மட்டும் வழிவிடும் வடிகட்டி, ஒரு விளக்கு, ஒரு உணரி, அவ்வளவுதான். அது குழம்பைத் தொடுவதில்லை, கிருமிநீக்கம் வேண்டாம், அதில் செல் படியாது, நுரையடக்கி ஒட்டாது. வாயுவின் ஈரத்தை நீக்கிவிட்டு அனுப்ப வேண்டும், குழாயில் நீர் கோத்துக்கொள்ளாமல் பார்க்க வேண்டும், இவை மட்டும்தான் தொல்லைகள். வெளியேறும் ஆக்சிஜனையும் ஒரு சிர்கோனியா அல்லது காந்தவகை அளவியால் அளந்தால், வெளியிட்ட கார்பன் டைஆக்சைடுக்கும் உட்கொண்ட ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம் கிடைக்கிறது. முழுமையாக எரிந்தால் கிளிசராலுக்கு அந்த விகிதம் 0.86, மெத்தனாலுக்கு 0.67. செல்கள் எதையும் முழுமையாக எரிப்பதில்லை என்பதால் நீங்கள் காணும் எண் இவற்றிலிருந்து விலகியே இருக்கும். ஆனால் கிளிசராலிலிருந்து மெத்தனாலுக்கு மாறும் மணிநேரங்களில் விகிதம் நகர்வதும், கார்பன் டைஆக்சைடு சரிந்து மீண்டும் எழுவதும் கண்ணெதிரே தெரியும். பிஎச் 5இல் கார்பன் டைஆக்சைடு பைகார்பனேட்டாகப் பதுங்குவது குறைவு, எனவே செல் வெளியிடுவது அதிகத் தாமதமின்றி வாயுவில் வந்துவிடுகிறது. 7ஐ ஒட்டி வளரும் விலங்குச் செல்களில் இந்த வசதி இல்லை. பணம் குறைவாக இருக்கும் ஆய்வகத்தில் ஆக்சிஜன் உணரிக்கு அடுத்து எதை வாங்குவது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இனி கிளிசராலும் மெத்தனாலும். இவற்றைக் கலனுக்குள்ளேயே அளப்பதாகச் சொல்லப்படுவது நிறமாலை முறைகளால்: அண்மை அகச்சிவப்பு, நடு அகச்சிவப்பு, ராமன். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004இல் உற்பத்தியின் போதே அளந்து கட்டுப்படுத்தும் தொழில்நுட்பம் பற்றிய வழிகாட்டுதலை வெளியிட்ட பின், மருந்து நிறுவனங்கள் இவற்றில் பெரும் அக்கறை காட்டத் தொடங்கின. ராமன் சிதறல் 1928இல் கல்கத்தாவில், திருச்சிக்காரரான சி. வி. ராமன் கண்டறிந்தது, ஒளியின் மிகச் சிறு பங்கு, தோராயமாகக் கோடியில் ஒரு ஃபோட்டான், மூலக்கூறின் அதிர்வுக்கு ஏற்பத் தன் ஆற்றலை மாற்றிக்கொண்டு சிதறுகிறது. நீர் ராமனில் மங்கலாகத் தெரிவதும், அகச்சிவப்பில் எல்லாவற்றையும் மூழ்கடிப்பதும்தான் குழம்புக்குள் ராமனை விரும்புவதற்குக் காரணம். ஆனால் கோடியில் ஒன்றைப் பொறுக்குவதால் ஓர் அளவீட்டுக்குப் பல நிமிடங்கள் ஆகலாம், கலனின் கண்ணாடியை அறை வெளிச்சம் படாமல் மூட வேண்டும், ஈஸ்ட் சாறு போன்ற சிக்கலான ஊடகம் தானே ஒளிர்ந்து சிகரங்களை மறைத்துவிடும். நடு அகச்சிவப்பில் வைரப் படிகத்தின் மேல் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் தடிமனை மட்டுமே ஒளி பார்க்கிறது; குமிழியும் செல்லும் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை, ஆனால் படிகத்தில் ஏதாவது படிந்தால் அது மட்டும்தான் தெரியும். மெத்தனாலுக்கு அலைவெண் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) 1020ஐ ஒட்டி ஒரு நல்ல பட்டை உண்டு, கிளிசராலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் பட்டைகளைக் கொண்டது.

இங்கேதான் நான் மிகவும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வேன், ஏனெனில் இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாது. நிறமாலையிலிருந்து செறிவைப் பெற, சில நொதித்தல்களில் மாதிரி எடுத்து எச்பிஎல்சி என்ற பிரித்தளக்கும் கருவியில் அளந்து, அந்த எண்களையும் அதே நேரத்து நிறமாலைகளையும் பிஎல்எஸ் போன்ற ஒரு புள்ளியியல் முறைக்குக் கொடுத்துக் கணக்கீட்டு மாதிரியை உருவாக்குகிறார்கள். ஒரே மாதிரி நடக்கும் நொதித்தலில் எல்லாமே ஒன்றாக மாறுகின்றன: நேரம் போகப் போக கிளிசரால் குறைகிறது, செல் கூடுகிறது, புரதம் கூடுகிறது, உப்பு குறைகிறது. புள்ளியியலுக்கு இவற்றில் எது எது என்று தெரியாது. கிளிசராலின் பட்டையைப் படிப்பதற்குப் பதிலாக, செல்களால் நிறமாலையின் அடித்தளம் உயர்வதைப் படித்து, செல் இவ்வளவு என்றால் கிளிசரால் இவ்வளவுதான் இருக்கும் என்று அது கற்றுக்கொள்ளலாம். பழைய நொதித்தல்களின் மேல் வைத்துப் பார்த்தால் கோடு பிரமாதமாகப் பொருந்தும். பம்பு அடைத்து ஊட்டம் நின்ற அன்றைக்கு, அதாவது அந்த எண் உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் அன்றைக்கு, அது வழக்கமான நாளின் எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நொதித்தலின் நடுவில் எடுத்த குழம்பு மாதிரிகளில் தெரிந்த அளவு கிளிசராலையும் மெத்தனாலையும் தனித்தனியாகச் சேர்த்து நிறமாலை எடுங்கள். லிட்டருக்கு ஐந்து கிராம் சேர்த்தால் எண் ஐந்து ஏற வேண்டும், மற்றதன் எண் அசையக் கூடாது. விற்பவரிடம் இந்தச் சோதனையின் முடிவைக் கேளுங்கள். பொருத்தக் குறியீடு 0.99 என்று மட்டும் காட்டினால் அது உங்கள் கேள்விக்குப் பதில் ஆகாது. அதோடு, கணக்கீட்டு மாதிரி தன் ஒப்பீட்டு அளவீட்டைவிடத் துல்லியமானது என்று எவராலும் நிரூபிக்க முடியாது; உங்கள் எச்பிஎல்சி எண்ணிலேயே லிட்டருக்கு 0.2 கிராம் ஆட்டம் இருந்தால், 2 கிராம் மெத்தனாலைச் சுற்றிக் கட்டுப்படுத்தும்போது அது பெரிய ஆட்டம்.

ஆண்டு முழுவதும் ஒரே திரிபை, ஒரே ஊடகத்தில், ஒரே கலனில் ஓட்டும் உற்பத்திக் கூடத்துக்கு இந்த உழைப்பு தகும், அங்கே ராமன் நன்றாக வேலை செய்வதில் எனக்கு ஐயமில்லை. விலங்குச் செல் வளர்ப்பில் குளுக்கோஸை இப்படி அளந்து ஊட்டுவது பழகிப்போன செயலாகிவிட்டது. திரிபும் ஊடகமும் மாதந்தோறும் மாறும் ஆய்வகத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கணக்கீட்டு மாதிரியை மறுபடி கட்ட வேண்டும், அதற்குள் அடுத்த மாற்றம் வந்துவிடும். உங்கள் மெத்தனால் தேவைக்கு, குழம்புக்குள் ஒரு சிலிக்கோன் குழாயை மூழ்கவைத்து, அதன் சுவர் வழியே கசிந்து வரும் மெத்தனால் ஆவியை ஓர் உலோக ஆக்சைடு வாயு உணரிக்கு அனுப்பும் ஏற்பாடு போதும். அது ஒளியியல் அல்ல, எத்தனாலையும் மெத்தனாலையும் பிரித்தறியாது, வெப்பநிலைக்கு ஏற்ப நகரும். இருந்தாலும் வெளி மாதிரியோடு அன்றாடம் சரிபார்த்துக்கொண்டால் மெத்தனால் பம்பை அதனிடம் ஒப்படைக்கலாம். கிளிசராலுக்கு உணரியே தேவையில்லை. லிட்டருக்கு 40 கிராம் போட்டுத் தொடங்கினால் அது தீர்ந்த நொடியை ஆக்சிஜன் எகிறல் தவறாமல் சொல்லிவிடும். செல்லின் ஆற்றல் வினைகளில் பங்கேற்கும் என்ஏடிஎச் என்ற மூலக்கூறின் ஒளிர்வை 340இல் தூண்டி 460 நானோமீட்டரில் படித்து வளர்சிதை நிலையை அறியும் உணரிகளையும் சிலர் பரிந்துரைப்பார்கள். 1957 முதல் ஈஸ்டில் செய்து பார்க்கப்பட்ட அழகான இயற்பியல் அது. ஆனால் 300 கிராம் குழம்பில் ஒளி எவ்வளவு தூரம் போகிறது, வெளிவந்தது எதன் ஒளிர்வு என்பதெல்லாம் கலந்துகிடப்பதால், அதை ஆராய்ச்சிக்கான கருவியாக மட்டும் பார்க்கிறேன்.

ஆக, வாங்கும் வரிசையில் முதலில் ஒளியியல் ஆக்சிஜன் உணரி, அடுத்து வாயு அளவி, பணம் மிஞ்சினால் கலங்கல் உணரி. பிஎச்சில் கண்ணாடியே இருக்கட்டும், ராமனை இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாங்கும் முன் ஆக்சிஜன் உணரியை ஒரு நொதித்தலுக்கு இரவலாகக் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். உங்கள் கிளார்க் மின்முனையில் புதுச் சவ்வு போட்டு, இரண்டையும் ஒரே உயரத்தில் உள்ள இரண்டு துளைகளில் செருகி, இரண்டையும் ஒரே நேரத்தில் 100இல் நிறுத்தி, பம்புகளையும் கலக்கியையும் கிளார்க்கிடமே விட்டுவிட்டு, ஒளியியல் எண்ணைப் பதிவு மட்டும் செய்யுங்கள். கிளிசரால் தீரும் எகிறலிலும், மெத்தனால் கட்டத்தில் நாளுக்கு இரண்டு முறை செய்யும் நிறுத்தச் சோதனையிலும் இரண்டும் எத்தனை நொடி இடைவெளியில் எழுகின்றன என்று பாருங்கள். முடிவில் கலனில் நைட்ரஜன் செலுத்தி இரண்டின் பூஜ்யத்தையும் ஒருமுறை ஒப்பிடுங்கள். அந்த மூன்று வளைவுகளையும் இங்கே இட்டால், எது நகர்ந்தது என்று சேர்ந்து பார்க்கலாம்.